கோட்டும் ஈரத்துணியும்

ஐப்பசி 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எழுத்து கோணல்மாணல். கோடு போட்ட நோட்டிலும் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் மன்னிக்கவும். எழுபத்தொரு வயதில் 'ழ' போட வந்துவிட்டது. இன்று நான்கு போட்டேன். நான்கும் அழகு.

மாலை முதியோர் கல்வி வகுப்பு. டீச்சர் இங்கிலீஷில் ஜோடிச் சொற்கள் கொடுத்தார். டேக் ஆஃப், கழற்றுவது. த்ரோ அவே, தூக்கி எறிவது. பிக் அப், குனிந்து எடுப்பது. புத்தகத்தில் உள்ள உதாரணம்: வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்று.

காரைக்காலில் எவன் கோட்டு போடுகிறான்? பக்கத்தில் மைமூன், "மாப்பிள்ள போடுவாரு அண்ணே. அதுவும் வாடகைக் கோட்டு" என்றாள். வகுப்பே சிரித்தது.

வீட்டுப்பாடம்: சொந்தமாக வாக்கியம். சனிக்கிழமை நோட்டுகள் கல்வி அதிகாரியிடம் போகும். அவர் பார்த்துத் தேர்ச்சி போட்டால்தான் மேல்வகுப்புக்குப் போகலாம்.

ஐப்பசி 13, புதன்

மழை விட்டது. ஒரு மணி நேரத்தில் மூன்று வாக்கியம். தமிழ் எழுத்தில்தான்.

தே டேக் ஆஃப். தே த்ரோ அவே. ஐ பிக் அப்.

திருநள்ளாற்றுக் குளத்தில் முழுகுகிறவர்கள் ஈரத்துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். சனி அதோடு தொலையும் என்று. முப்பது வருஷம் கூலிக்கு அதைப் பொறுக்கியவன் நான். இந்த மூன்றுக்கும் எனக்கு அர்த்தம் சொல்ல ஆள் வேண்டுமா?

ஐப்பசி 14, வியாழன்

கோபம்.

டீச்சர் படித்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க ஐயா" என்றார். உடனே சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார். "சனி பிடிச்ச துணியப் பத்தி எழுதலாமாங்க? ஆபீசர் கையில போற நோட்டு. கோட்டு வாக்கியத்தையே எழுதிடுங்க."

பொறுக்கிய கைதானே இது? இதே கை 'அ' போட்டபோது கைதட்டினாரே. அன்றைக்குச் சனி எங்கே போயிருந்தது?

"போடாத கோட்ட எப்படி டீச்சர் கழட்டுறது? மாட்டேன்."

மைமூன் விடவில்லை. "அண்ணன் எழுதுனது எனக்கு ஒடனே புரிஞ்சுச்சு டீச்சர். கோட்டுதான் இன்னும் புரியல."

டீச்சர் பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

ஐப்பசி 16, சனி

நல்ல வெயில். எல்லார் நோட்டும் போய்விட்டது, மைமூன் நோட்டும். என்னுடையதை மட்டும் டீச்சர் என்னிடமே திருப்பி நீட்டினார். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

வாங்கிக்கொண்டேன். இனி இதே வகுப்பில் திரும்ப உட்கார வேண்டும். உட்காருவேன், முதல் வரிசையில், அவர் முகத்துக்கு நேரே.

அடுத்த வாரப் பாடம் புட் ஆன். உடுத்துவது. குளத்தில் எடுத்ததில் நல்லதைத் துவைத்துக் காயவைத்தேன். அதைத்தான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு உடுத்திப் போனார்கள். எழுதுகிறேன்.