வெறும் கதிரைகளுக்கு மூன்று வணக்கம்

சிவமயம்

மோர்டென்ஸ்ருட்,
ஒஸ்லோ, நோர்வே.
16.11.2003

பேரன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தம்பி சச்சிதானந்தன் எழுதிக்கொள்வது. உங்கள் நலம் விசாரிக்கும் உரிமையை ஆறு வருஷத்துக்கு முன் நானே வெட்டி எறிந்தவன். இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? உங்கள் மகன் லதீசன் என்ன செய்கிறான்? இங்கே நான், புஷ்பமலர், மகள் ஆரபி மூவரும் சுகம்.

உறையில் என் பெயரைக் கண்டதும் கிழித்துப் போட நினைத்திருப்பீர்கள். கிழிக்காமல் வாசியுங்கள். முதலில் வருவது ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கதை. நீங்கள் மேடை ஏறிய மனிதர் என்பதால் அந்தப் பகுதியையாவது வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நான் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே மூன்று வருஷமாக நான் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சீப்பால் தலை இழுத்துவிட்ட ஒரு அம்மா இருந்தார். பெயர் போர்ஹில்ட். தொண்ணூற்றெட்டு வயது. வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டார். பேச முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். வேண்டியது எல்லாவற்றையும் முகத்தாலேயே சொல்லிவிடுவார். தேத்தண்ணீர் ஆறிவிட்டால் ஒரு புருவம் போதும். தலை இழுத்து முடித்ததும் நாற்காலி வண்டியில் கூடத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே உட்கார ஆளில்லாத வெறும் கதிரைகள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பார்த்து மெல்ல மூன்று தரம் தலை வணங்குவார். அதன்பிறகுதான் காலைச் சாப்பாடு. மூளை மாறாட்டம் என்று நானும் சிரித்திருக்கிறேன்.

இந்த மாதம் முதலாந் திகதி, சனிக்கிழமை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி இல்லை, உறவு என்று சொல்ல ஒருவரும் இல்லை. சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அலுமாரியின் அடியில் ஒரு தடித்த ஒட்டுப் புத்தகம் கிடந்தது, நீங்கள் உங்கள் நாடக நோட்டீசுகளை ஒட்டி வைப்பீர்களே, அதுமாதிரி. திறந்து பார்த்து அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். நான் மூன்று வருஷம் முதுகு தேய்த்துவிட்டது ஒரு நட்சத்திரத்துக்கு.

வடக்கே ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். பதினேழு வயதில் ஊரூராகப் போகும் நாடகக் கூட்டத்தோடு வெளிக்கிட்டிருக்கிறார். முதல் வேசம் தட்டு ஏந்தி வரும் வேலைக்காரி, ஒரு வசனம்கூட இல்லை. ஊமைப்படக் காலம் வந்ததும் அதுவே அவருக்கு வாய்ப்பாகிவிட்டது. நாலு வருஷத்தில் ஏழு படம். ஒன்றில் ஆற்றில் மிதந்து வரும் மரக்குற்றிகளின் மேல் தானே ஓடி அக்கரைக்குப் போயிருக்கிறார். கண்ணாலேயே கதை சொல்லும் பெண் என்று பத்திரிகை எழுதியிருந்தது. பிறகு பேசும் படம் வந்தது. குரலைச் சோதித்தவர்கள் அவருடைய வடக்குப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்களாம், படம் அதோடு சரி. மனிசி விடவில்லை. திரும்ப மேடைக்குப் போய், அந்தப் பேச்சைத் திருத்தி, பத்து வருஷத்தில் ஒஸ்லோவில் ஒரு பெரிய நாடகசாலையின் முதல் நடிகையாகிவிட்டார். கடைசி நோட்டீஸ் 1944 ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு புத்தகத்தில் நாற்பது பக்கம் வெறுமை.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஊரில் ஒருவர் செத்தால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். கண்ணீர் அஞ்சலி அடித்தேன். தொப்பி போட்ட அந்தக் காலப் படத்தை நடுவில் வைத்து, பிறந்த திகதி, மறைந்த திகதி, நடித்த படங்கள், ஏறிய மேடைகள் எல்லாம் வருஷ வாரியாகப் போட்டேன். நடுவில் எனக்குப் பிடித்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் வைத்தேன்: போர் நெருப்பிலும் மேடையைக் கைவிடாத கலைஞர். ஆரபி இந்த நாட்டு நொஷ்க் மொழியில் மொழிபெயர்த்துத் தந்தாள். குண்டு விழ விழ நாடகம் போட்ட ஊரில் இருந்து வந்தவனுக்கு அதைவிடப் பெரிய புகழ் என்ன இருக்கிறது? ஞாயிறு மாலை லிப்டிலும் சாப்பாட்டு மண்டபத்திலும் வாசற்கதவிலுமாகப் பன்னிரண்டு தாள் ஒட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெருமையாகவும் சொன்னேன்.

திங்கட்கிழமை போனபோது ஒன்றும் சுவரில் இல்லை. சாப்பாட்டு மண்டபத்தில் ஒருவரும் என் முகம் பார்க்கவில்லை. என் கையால் மருந்து குடிக்கும் ஒரு அம்மா கோப்பையைத் தள்ளிவிட்டார். பொறுப்பாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, அந்த வருஷங்களில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். ஜேர்மன்காரன் பிடித்து வைத்திருந்த காலம் என்று தெரியும், மேடையில் என்ன நடந்தது என்று தெரியாது என்றேன்.

அதை எனக்குச் சொன்னவர் ஹால்வர். எண்பத்துநாலு வயது, அதே மாடியில் இருப்பவர். என் தாள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு யன்னலருகில் இருந்தார். அந்த நாளில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களாம். ஜேர்மன்காரன் நடத்திய நாடகசாலைகளைச் சனமும் பகிஷ்கரித்ததாம். போர்ஹில்ட் மட்டும் ஏறி நடித்தாராம். தான் அப்போது இருபத்துநாலு வயதுப் பெடியன் என்றும், போகாதே என்று துண்டுத்தாள் கொடுத்தபடி வாசலில் நின்றவன் என்றும் சொன்னார். உள்ளே அறுநூறு கதிரையில் முப்பது பேர் இருப்பார்கள், முன்வரிசையில் சீருடைக்காரர் மட்டும். திரை விழுந்ததும் அந்த மனிசி பின்னாலுள்ள வெறும் கதிரைகளைப் பார்த்து மூன்று தரம் வணங்கும் என்று வாயிற்காவலன் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

அண்ணா, மூளை மாறாட்டம் என்று நான் சிரித்தது அந்த வணக்கத்தைப் பார்த்துத்தான்.

ஒரு இரவு போர்ஹில்ட் வெளியே வந்தபோது தான் அவர் முகத்தில் துப்பியதாக ஹால்வர் சொன்னார். துடைக்காமல் நடந்து போனாராம். போர் முடிந்தபிறகு ஒரு மேடையும் அவரை எடுக்கவில்லை. முப்பது வருஷம் சலவைக்கூடத்தில் வேலை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே மாடியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நாலு வருஷம், இருவருக்கும் மற்றவரை யாரென்று தெரியும். ஹால்வர் சாப்பாட்டு மேசையில் எப்போதும் அவருக்கு முதுகு காட்டித்தான் இருப்பார். நான் விசயம் தெரியாமல், இரண்டு கிழங்களும் முகம் பார்த்துச் சாப்பிடட்டும் என்று எத்தனை தரம் அந்தக் கதிரையைத் திருப்பி வைத்திருப்பேன்.

ஆரபியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், ஆனால் மொழிபெயர்க்கும் அவசரத்தில் வருஷத்தைக் கவனிக்கவில்லை என்று அழுதாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அப்பா, அவ ஏன் நடிச்சவ? அடுத்த நாள் ஹால்வரிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்றார்.

செத்தவீடு வியாழக்கிழமை. இப்படி ஒருத்திக்கு நீங்கள் ஏன் போகவேணும், விசரே உங்களுக்கு என்று புஷ்பம் கேட்டாள். நன்மைக்குப் போகாவிட்டாலும் தின்மைக்குப் போகவேணும் என்று செத்தவீடுகளுக்கு வெளிக்கிடும்போது அம்மா சொல்வது என் வாயில் வந்தது. வந்ததும் எனக்கே சுட்டது. ஏன் சுட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

தேவாலயத்தில் மதகுரு, ஓர்கன் வாசிப்பவர், எங்கள் பொறுப்பாளர், அடக்கக்காரர் இரண்டு பேர், நான், ஆரபி. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். எங்கள் வழக்கத்தில் பிள்ளைகளும் மருமக்களும் பிடிக்கும் இடத்தை நானும் மகளும் பிடித்தோம், ஓர்கன்காரரும் இறங்கி வந்து பிடித்தார். தூக்கித் திரும்பினால் கடைசி வரிசையில் ஹால்வர் இருக்கிறார். டாக்ஸி பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். பெட்டி பக்கத்தில் வந்தபோது உருட்டுவண்டியைப் பிடித்து எழும்பி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கால் நடுங்க நடுங்க, பெட்டி வாசலைத் தாண்டும்வரைக்கும் திரும்ப இருக்கையில் இருக்கவில்லை.

வெளியே ஈரப்பனி கொட்டியது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். நாலு வருஷமாக அவளிடம் ஒன்று கேட்கவேணும் என்று இருந்தனான், நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன் என்றார். என்ன கேட்க இருந்தீர்கள் என்றேன். உன் மகள் கேட்டதைத்தான் என்றார்.

அண்ணா, இனி எங்கள் கதை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஊரைப் பிடித்து வைத்திருந்த இராணுவம் நடத்திய சித்திரை வருஷப்பிறப்பு விழாவில் நீங்கள் இராச வேசத்தில் நின்று இராணுவ அதிகாரிக்கு மாலை போட்ட படம் பத்திரிகையில் வந்தது. அதை ஒருவர் வெட்டி எடுத்துவந்து இங்கே தமிழ் மண்டபத்தில் கைமாற்றிக் காட்டினார். இது உன்ர தமையன் எல்லோ என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பதை ஒருவருக்கும், புஷ்பத்துக்குக்கூட, சொன்னதில்லை. எங்கட ஊர் ஆள்தான், எனக்குச் சொந்தமில்லை என்றேன். அன்றுதான் உங்களுக்கு அந்த இரண்டு வரி எழுதினேன்: இனி எங்களுக்குள் நன்மை தின்மை இல்லை.

அடுத்த வருஷம் ஊரிலிருந்து வந்த சவிரிமுத்து ஒரு விசயம் சொன்னான். தொண்ணூற்றேழு மாசியில் லதீசனை இராணுவத்தினர் சோதனைச் சாவடியில் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்களாம், வருஷப்பிறப்பு முடிந்து மூன்றாம் நாள் விட்டார்களாம். இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பார்க்க விருப்பமிருக்கவில்லை. பார்த்தால் நான் எழுதிய இரண்டு வரியை என்ன செய்வது?

தொண்ணூற்றொன்பதில் அண்ணி போய்விட்டா என்று ரெலிபோன் வந்தது. நான் அழவில்லை, உங்களுக்கு எடுக்கவுமில்லை. அதைவிடப் பெரிய பாவம் ஒன்று செய்தேன். இங்கே கோவில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு நாள் சாவுத் துடக்குக் காத்து, கோவில் வாசல் மிதிக்காமல் இருக்கவேண்டியவன், எட்டாம் நாள் வேட்டி கட்டிக்கொண்டு போய்த் தோளில் சுவாமி காவினேன். எனக்கும் உங்களுக்கும் ஒன்றுமில்லை என்று ஊர் காணட்டும் என்றே காவினேன். எல்லோரும் கண்டார்கள். அந்தத் தோளால்தான் வியாழக்கிழமை, துடக்கில்லாத ஒருத்தியின் பெட்டியைத் தூக்கினேன். பாரம் அன்றுதான் தெரிந்தது.

அண்ணி எனக்கு யார் என்று எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். எண்பத்தைந்தில் நான் வெளிக்கிட்டபோது கடவுச்சீட்டுப் படத்துக்குக் கோட் இல்லை. நீங்கள் வழக்குப் பேசும் பிரக்கிராசியாக நடித்த கறுத்தக் கோட்டை அண்ணிதான் பெட்டியால் எடுத்து எனக்குப் போட்டுவிட்டா. தோள் தொளதொளவென்று கிடந்தது. பின்பக்கம் முழுக்க ஊசி குத்தி இறுக்கி, முன்னால் வந்து பார்த்து, இப்ப துரை மாதிரி இருக்கிறீர் தம்பி, மூச்சை மட்டும் விடாதையும் என்றா. அந்தப் படத்தைக் காட்டித்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன். நாடகக்காரனின் கோட்டில் தப்பி வந்தவன் அந்த நாடகக்காரனையே சொந்தமில்லை என்றேன்.

ஹால்வருக்குத் தாமதமாகிவிட்டது. எனக்கும் ஆகிவிட்டதோ தெரியாது. ஆறு வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். அன்றைக்கு ஏன் மேடை ஏறினீர்கள் அண்ணா? மாலை போடும்போது உங்களுக்கு என்ன செய்தது? சொல்ல மனமில்லாவிட்டால் சொல்ல வேண்டாம். லதீசனுக்காக இல்லை, வேறு ஏதோ காரணம் என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

சண்டை நின்று ஊருக்கு வரும் பாதை திறந்திருக்கிறது, தை மாதம் லீவு கேட்டிருக்கிறேன். தனியாகத்தான் வருவேன். அதற்கு முன் ஒன்று தெரியவேண்டும். அண்ணியின் திதி எது? வளர்பிறையா தேய்பிறையா என்றுகூட எனக்குத் தெரியாது. துடக்குக் காக்காதவன் திவசத்தில் இருக்கலாமா என்று ஐயரைக் கேட்க வேண்டாம், நீங்கள் சொன்னால் போதும். வாசலில் நில் என்றாலும் நிற்பேன்.

நல்லூரான் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டும். ஒன்றும் எழுத மனம் வராவிட்டால் வெறும் தாளை மடித்து அனுப்புங்கள், உறையில் உங்கள் கையெழுத்தில் என் பெயர் இருந்தால் போதும்.

உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த தம்பி,
சச்சி