கண் திறந்த ரோமாபுரி ராஜா

9 பிப்ரவரி 1936, ஞாயிறு

கல்லுப்பட்டிப் பக்கமிருந்து ரெண்டு வண்டி ஜனம். மதுரை மியூசியத்துக்கு நான்தான் காவல், நான்தான் விளக்கம். இருக்கற நாலு தலையில எல்லாரும் நிக்கிறது நடுவுல உள்ள ரோமாபுரி ராஜா தலைக்கு முன்னாடிதான். சீமையிலருந்து வந்த சுண்ணாம்பு வார்ப்பு. பின்னால கறுப்பு வெல்வெட்டு, மேல பல்பு. வெள்ளை வெளேர்னு இருக்கும். கண்ணுல கருமணி இல்ல, உரிச்ச முட்டை. திருவாதவூர்க் காட்டுல பானையோட கெடச்ச ரோமாபுரிக் காசு கீழ்த்தட்டுல கெடக்கு. அதைக் குனிஞ்சு பாக்க ஆளில்ல.

சோணையம்மாள்னு ஒரு அம்மா கேட்டுச்சு: "ஏந்தம்பி, கண்ணு தொறக்கலையே? குயவன் பாதியில ஓடிட்டானா?"

ஒரே சிரிப்பு.

"அந்த ஊர்ல எல்லாரும் இம்புட்டு வெளுப்பா?"

ஆமான்னேன். எனக்கென்ன தெரியும்? நான் பாத்த ரோமாபுரி இந்த ஹால்தான்.

10 பிப்ரவரி

யாரும் வரலை. இன்னைக்கு நான் வாயே தொறக்கலை.

11 பிப்ரவரி

டவுன்ஹால் ரோட்டுல காளைங்கிறவனைப் பாத்தேன். என்கூடப் படிச்சவன். "என்ன மாப்ள, உயிரோட இருக்க காலேஜை விட்டுட்டு செத்த காலேஜ்ல சேந்துட்டியாமே?" செத்த காலேஜ்னா மியூசியம். கூட இருந்தவய்ங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாய்ங்க. காப்பிக் கடைக்குள்ள போயிட்டாய்ங்க. வாடான்னு ஒருத்தன் சொல்லலை.

ஊர்லருந்து கெளம்பறப்ப அப்பா சொன்னது வேற காதுல கேக்குது — "படிப்பை விட்ட. இந்த வேலையும் போச்சுன்னா ஊருக்குள்ள கால் வைக்காத."

12 பிப்ரவரி

மியூசியத்துக்குப் பொறுப்பான ஞானமுத்து சார்ட்ட கேட்டேன். அந்தச் சிலைக்கெல்லாம் ஒரு காலத்துல வர்ணம் இருந்துச்சாம். கண்ணு, உதடு, முடி எல்லாம். மண்ணுக்குள்ள கெடந்து போயிருச்சாம்.

"அப்பறம் ஏன் சார் வெள்ளையா வச்சிருக்கோம்?"

"அப்படித்தான்டா வந்துச்சு. கலர் அடிச்சா கொலுபொம்மைன்னு சொல்லுவான்."

அப்ப நான் ஜனங்கள்ட்ட சொன்னது பொய்யா? நாலு தலை, நாலும் ராஜா. ஒரு பொம்பளை இல்ல, சமைக்கிறவன் இல்ல. மிளகு வாங்க இம்புட்டுத் தூரம் கப்பல்ல வந்து வேர்த்து ஒழுகினவன் எங்க?

14 பிப்ரவரி, வெள்ளி

மியூசியம் லீவு. சாவி எங்கிட்ட. கண்மை வாங்கிட்டுப் போனேன்.

ஏன் போனேன்? தெரியலை.

எங்க ஊர்ல அய்யனாருக்குக் கண்ணு தொறந்தா எதுக்க யாரும் நிக்கக் கூடாது. மொதப் பார்வை தாங்காதும்பாங்க. கண்ணாடி காட்டணும். எங்கிட்ட கண்ணாடி இல்ல. ராஜா கண்ணுல கடைசிப் புள்ளி வச்சுட்டு நேருக்கு நேரா நானே நின்னேன்.

யாராச்சும் என்னைப் பாக்கட்டுமே.

பாத்தான். மனுசன் மாதிரி பாத்தான். பசியோட இருக்கறவன் மாதிரி.

16 பிப்ரவரி, ஞாயிறு

மேலூர்ப் பக்கத்து ஜனம் வந்துச்சு. ஒருத்தர் துண்டை இடுப்புல கட்டினார். இன்னொருத்தர் சூடம் கொளுத்திட்டார்! ஒரு பொம்பளை பிள்ளையத் தூக்கிக் காட்டி, "சாமி பாக்குது பாரு"ங்குது. சாமி இல்லத்தா, ராஜான்னேன். "கண்ணு தொறந்தப்பறம் என்ன ராஜா?"

வெல்வெட்டுல சூடக் கரி.

17 பிப்ரவரி

சார் கத்தலை. அதுதான் பயமா இருந்துச்சு. "நாளைக்குள்ள கண்ணைத் துடைக்கணும். இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போ."

"தொறந்த கண்ணை அழிக்கக் கூடாது சார். எங்க பக்கம் யாரும் செய்ய மாட்டாங்க."

"இது உங்க பக்கம் இல்ல. மியூசியம்."

நான் எங்க போவேன்? ஊருக்கும் போக முடியாது.

18 பிப்ரவரி

துடைச்சேன்.

மை உள்ள எறங்கிருச்சு. ஈரத்துணி போட்டா கன்னமெல்லாம் கறுப்பு வழியுது, அழுத மாதிரி. சார் சுண்ணாம்பைக் கரைச்சு நீட்டினார். ரெண்டு தடவை பூசினேன். இப்ப முன்ன இருந்ததை விட வெள்ளை.

நல்லா வந்திருக்குன்னார்.

23 பிப்ரவரி, ஞாயிறு

வேலை நிலைச்சுருச்சு. ஞாயித்துக்கெழமை மட்டும் லீவு கேட்டேன். "கூட்டமே அன்னைக்குத்தானடா?"ன்னார் சார். வெல்வெட்டுல இருந்த சூடக் கரியைத் தட்டினேன். சரி போன்னுட்டார்.

போக எடமில்ல. ஒத்தக்கடை வரைக்கும் நடந்தேன். எதுக்க ஒரு கூண்டு வண்டி. உள்ள பொம்பளைங்க, பிள்ளைங்க, ஒரு கெழவர் மடியில செவ்வந்தி மாலை.

"தம்பி, மதுரையில புதுசா ஒரு சாமி கண்ணு தொறந்திருக்காமே, எந்தப் பக்கம்?"

ஆத்துப் பாலம் தாண்டி வலது கைப் பக்கம்னு மியூசியத்துக்கு வழி சொன்னேன்.

"நல்லா இருப்பய்யா"ன்னார்.