317-ஆம் எண் டோக்கன்

1968 நவம்பர் 4, திங்கள்

தசரதன் பெயரைக் கல்லில் போடாமல் விட்டுவிட்டார்கள். இது அநியாயம்.

எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் இருந்து தங்கச் சுரங்கத்துக்குப் போய் மாண்டவர்களுக்காக ஆலயச் சுவரில் கல் பதிக்கிறார்கள். பதினாறு பெயர். 1947-ல் பாறை வெடித்து நசுங்கிச் செத்தவன் பெயர் மட்டும் இல்லை. சபைக் கமிட்டிச் செயலாளர் இன்பராஜ் என் வீட்டு வாசலில் நின்றபடியே பதில் சொன்னான்.

“இன்னா தாத்தா, அவரு நம்ம சபையே இல்லியே.”

“ஜம்புலிங்கம் எந்தச் சபைப்பா? அவன் பேரு போட்டுகிறீங்களே?”

“அவரு சுரங்க ஆபீஸ் லிஸ்ட்ல கீறாரு. தசரதன் வேறாளோட டோக்கனத் திருடிக்கினு எறங்கினவருன்னு எழுதிகீது. கோயில் சுவத்துல எப்படிப் போடறது?”

திருடனாம். கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 6

கமிட்டிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். முப்பது வயதில் வேதத்தின் மேல் விரல் வைத்து எழுத்துக் கற்றவன் நான். பிழை இருக்கும். பொய் இல்லை.

— இல்லையா?

நவம்பர் 10, ஞாயிறு

கிருபை இலவசம் என்று போதகர் முக்கால் மணி நேரம் பேசினார். சின்னப் பையன். இலவசமாம். வாங்குகிறவனுக்கு இலவசம். கொடுத்தவன் எதை இழந்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

திருவிருந்தில் அப்பம் கொடுக்கும் முன் வழக்கம்போல எழுந்து வந்துவிட்டேன். இருபத்தொரு வருடமாக இப்படித்தான். கேட்பவர்களிடம், சபை சரியில்லை என்பேன்.

நவம்பர் 12

கடிதத்தை இன்பராஜ் திருப்பித் தந்தான். “ஆதாரம் எதுனா இருந்தா சொல்லுங்க தாத்தா.”

நவம்பர் 13

ஆதாரம் நான்தான். எழுதிவிடுகிறேன்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் எண் பொறித்த டோக்கனைக் கொடுத்தால் பலகையில் மாட்டுவார்கள். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கொக்கியில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே. முகத்தை எவன் பார்த்தான்? எண்ணைத்தான் பார்ப்பார்கள். 317 என் எண்.

பாறை வெடித்த அன்று நான் குடித்துவிட்டுப் பாயில் கிடந்தேன். பக்கத்து வீட்டுத் தசரதன் வந்து உலுக்கினான். என்னால் எழ முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து டோக்கனை எடுத்து அவன் கையில் வைத்தது யார்? நான். “நீயே போய்ட்டு வாடா” என்றது யார்? அதுவும் நான்.

உடல்கள் மேலே வருமுன்பே, பலகையில் 317 தொங்குவதைப் பார்த்து ஆலயத்தில் எனக்குச் சாவு மணி அடித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன்.

விசாரணையில் கேட்டார்கள். எனக்குத் தெரியாமல் எடுத்துப் போயிருப்பான் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அந்த ஒரு பொய்யை வைத்துப் பதினான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு அப்பம் வாங்கத்தான் துணியவில்லை. கமிட்டியைத் திட்ட எனக்கு இன்னா யோக்கியத?

நவம்பர் 16, சனி

தசரதன் மனைவி பாப்பம்மா ஊரிகம் ரயில் ஸ்டேஷன் வாசலில் இட்லி விற்கிறாள். போய்ச் சொன்னேன். பாத்திரம் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை.

“தெரியும்ணா.”

“இன்னா தெரியும்?”

“எல்லாந்தான். மூணாவது வாட்டி நீ ஷிஃப்ட்டுக்கு வரலன்னா சீட்டக் கிழிச்சிருப்பாங்க. எழுப்பு, எழலன்னா நீயே போன்னு நான்தான் அவர அனுப்சேன்.”

“அப்போ ஆபீஸ்ல ஏம்மா சொல்லல?”

“சொன்னா உன் வேல பூடும். அதக் காப்பாத்தத்தானே அவரு போனாரு? செத்ததும் வீணாப் பூடணுமா?”

இருபத்தொரு வருடம். திருடன் பெண்டாட்டி என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டு.

“உனுக்கு இப்போ இன்னா வேணும்மா?”

“அவரு திருடன் இல்லன்னு ஒரு தபா எல்லார் காதுலயும் வுழணும். அப்புறம், குந்து. ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ.”

தின்றேன். இரண்டையும் தின்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஆலயத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். “உக்காருங்க தாத்தா” என்றான் இன்பராஜ். உட்காரவில்லை. “கெழவன் காலையிலயே ஊத்திக்கினான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்றைக்குத்தான் ஊற்றிக்கொண்டேன், இன்றைக்கு இல்லை என்றேன். அதற்குப் பிறகு போதகர் போதிக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

நவம்பர் 29, வெள்ளி

தசரதன் பெயரையும் போடக் கமிட்டி ஒப்புக்கொண்டது. ஞாயிறு கல் திறப்பு. நடக்க வேண்டியவை:

கல்கொத்தும் டேவிட் தசரதன் பெயரை மற்றவர்கள் பெயர் அளவிலேயே வெட்ட வேண்டும். இடமில்லை என்று முனகுகிறான். இடம் பண்ணட்டும்.

இன்பராஜ், சபையிலுள்ள பட்டியல் நகலில் ‘திருடி’ என்பதை அடித்து, ‘வால்டருக்குப் பதிலாக’ என்று எழுத வேண்டும். என் பெயரைச் சுருக்கக் கூடாது.

தசரதன் பெயரை வாசிக்கும்போது போதகர் மணியடிக்கச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு அடித்தது அவனுடைய மணி.

திரையைப் பாப்பம்மா விலக்க வேண்டும். இட்லி விற்றுத் தீர்ந்த பிறகுதான் வருவாளாம். சபை காத்திருக்கட்டும்.

நான், அப்பம் கொடுக்கும்போது எழுந்து போகக் கூடாது.