சட்டைப்பையில் ரோட்டார்

ஃபிளின்ட், வியாழன் மதியம்

அன்புள்ள உனக்கு,

மீட்லோஃப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. மூன்றரைக்கு உன் ஃபேக்டரி சங்கு ஊதுவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

நீ நடந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், வாசலில் நிற்கும் காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாய். அது இல்லாவிட்டால் பிளக்குக்குத் தீப்பொறி போகாது. "திருட்டுப் பயம், வேறென்ன" என்பாய். மூன்று வருடமாக நம் தெருவில் ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை.

போன வாரம் உதிரிபாகக் கடைக்கு நடந்தே போனேன். ஒரு ரோட்டார் கேட்டதும் கடைக்கார எர்ல் சிரித்தார்.

"அறுபத்தெட்டு மாடலுக்கா? வீட்டுக்காரர் தொலைச்சுட்டாரா?"

"இல்லைங்க, அவர் பத்திரமாத்தான் வச்சிருக்கார். இது எனக்கு."

என் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

இன்று அதை மாட்டியும் வண்டி கிளம்பவில்லை. ரோட்டாருக்குக் கீழே தொட்டுத் தொட்டுப் பிரியும் பாயிண்ட் முனைகள் கருகிக் கிடந்தன. நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்தேன். முனைகளுக்கு நடுவே சரியான இடைவெளி வைக்கத் தெரியாமல் நின்றபோது, பீர் குடித்துக்கொண்டே நீ நண்பர்களிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது: "இடைவெளி அளக்க கேஜ் எதுக்குடா? தீக்குச்சி அட்டை போதும்." நீ குடிக்கப் போகிற பாரில் தரும் தீக்குச்சி அட்டையைத்தான் செருகினேன். கனகச்சிதம்.

வாசலில் இன்ஜின் ஓடுகிறது, அணைக்கப் பயமாக இருக்கிறது. பின்சீட்டில் லொரெட்டா, "அப்பா வர்றதுக்குள்ள போயிடலாம்மா" என்கிறாள்.

சட்டையைத் துவைக்கப் போடும்போது பையைப் பார்த்துப் போடு. அந்த ரோட்டாரை நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
நீ பயந்த திருடி