சன்னிதியில் சொன்ன ஸ்பானிஷ் கதை

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று இங்கே பர்மாவில், எங்கள் பபேடான் பேட்டைக் கோயிலில் புராணம் வாசிக்கையில், பிள்ளையைப் பிரிந்த தாயின் துயரை விளக்க ஒரு ஸ்பானிஷ் தொடரின் காட்சியைச் சொன்னேன். நாள் முழுதும் அம்மொழித் தொடர்களையே ஒளிபரப்பும் சேனல் ஒன்று இங்கே உண்டு. மின்சாரம் உள்ள வேளைகளில் தவறாமல் பார்க்கிறேன். பெற்ற மகனின் வீட்டிலேயே வேலைக்காரியாக இருந்து, அவன் உண்ட தட்டைக் கழுவுகிறாள் அத்தாய். அவள் யாரென்று அவன் அறியான்.

வாசிப்பு முடிந்ததும் கோயில் செயலாளர் சண்முகம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஐயா, அந்தப் பாஷையில ஒரு வார்த்தையாவது உங்களுக்குப் புரியுதா?"

"புரியலை."

"புரியாத கூத்தைப் பார்த்து அழுதுட்டு, அதைச் சன்னிதியில வேற சொல்றீங்களா?"

"பின்வரிசைப் பொம்பளைங்களுக்கு வீட்டுல பர்மாப் பேச்சுதான் தம்பி. நான் பாடுற செய்யுள் அவங்களுக்குப் புரியுதா? ஆனாலும் கண்ணு கலங்குதே. அதுவும் கூத்தா?"

அவர் முகம் சிவந்தது. அடுத்த வெள்ளியன்று மன்னிப்புக் கேட்டாலன்றி நான் புத்தகத்தைத் தொடக்கூடாதாம்.

நாற்பது ஆண்டுகள் அமர்ந்து வாசித்த இடம். அதை இழக்க நேரலாம். ஆயினும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

செருப்பு மாட்டும்போது பின்வரிசைப் பெண் ஒருத்தி அருகே வந்தாள். பர்மாப் பேச்சில் தாத்தா என்று அழைத்து, "போபோ, அந்த மகனுக்குத் தெரிஞ்சுதா?" என்றாள். புராணத்தில் அடுத்து என்ன என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

புத்தகத்தைத் தராவிட்டால் தராதிருக்கட்டும். வாசற்படியில் நின்றே அவளுக்கு இரண்டு கதைகளின் மீதியையும் சொல்வேன்.