சரிவில் பாதித் தொட்டி

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள இமோஜென்,

நாலுசக்கர பைக்கில் மலைச்சரிவு ஏறும்போது பின்னால் கட்டிய களைமருந்துத் தொட்டி நிரம்பியிருந்தால் ஆபத்தா, பாதியாக இருந்தால் ஆபத்தா? நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள்தான், ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. நீ அங்கே ஆபர்டீனில் நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், ஆனால் உன் தம்பி விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்து மேய்ச்சல் நிலத்தை ஃபெர்கஸ் குத்தகைக்கு எடுத்தது உனக்குத் தெரியும். புதிதாகப் பண்ணை தொடங்குகிறவர்களுக்கு நேற்று ஊர் மண்டபத்தில் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது, நான்தான் காலையில் அவனைக் கொண்டுபோய் விட்டேன். வகுப்பெடுக்கிற கிரெட்டாவின் பூட்ஸில் ஒரு பொட்டுச் சேறு இல்லை, வந்தவர்களுக்கெல்லாம் இலவசத் தொப்பி வேறு. இலவசமாகத் தொப்பி கொடுக்கிறவர்கள் பின்னால் எதையோ விற்பார்கள் என்பது என் அனுபவம். சாயங்காலம் யாருடைய வண்டியிலோ வந்து இறங்கினான், கால்சட்டையில் இடது பக்கம் மட்டும் இடுப்புவரை சேறு. கேட்டால் வழுக்கிவிட்டதாம். அதை அவனே துவைக்கப் போட்டான், அதுதான் எனக்கு உறுத்தியது.

இரவுச் சாப்பாட்டில் என்ன கற்றாய் என்று அப்பா கேட்டார். பாதித் தொட்டியோடு சரிவில் போகக் கூடாது, உள்ளே மருந்து ஒரு பக்கமாக ஓடி வண்டியைச் சாய்த்துவிடும் என்றான். உன் அப்பா முர்ரேயைத்தான் உனக்குத் தெரியுமே. "கனம் குறைஞ்சா வண்டி கவுழுமாடா? எந்த பார்ல நடந்துச்சு இந்தப் பாடம்?" என்றார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற பையன், ஆட்டிறைச்சியைத் தட்டில் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தான். வகுப்பில் உட்கார்ந்தானா, இல்லை அந்த ஒரு வரியை யாரிடமாவது கேட்டு வந்து ஒப்பிக்கிறானா என்று எனக்குப் புரியவில்லை.

நாளைக் காலை அவன் நிலத்தின் மேல்சரிவில் முட்புதருக்கு மருந்தடிக்க வேண்டும். பைக்கில் ஏறமாட்டேன், முதுகில் கட்டும் தெளிப்பானோடு நடந்தே போகிறேன் என்கிறான் அவன். அப்படியானால் நானே பாதித் தொட்டியோடு போய்க் காட்டுகிறேன் என்கிறார் அப்பா. அதே சரிவில்தான் போன வசந்தத்தில் பக்கத்துப் பண்ணை ஹேமிஷ் வண்டிக்கடியில் சிக்கினான், இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். உன் அப்பாவைத் தடுக்க வேண்டுமென்றால் உன் தம்பி சொல்வதை நான் முதலில் நம்ப வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தால் நம்ப முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அறைத்தோழி விற்கிற சத்து மாத்திரையை வாங்காதே, அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஃபிலிப்பா

புதன்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் அப்பா பாதித் தொட்டி நிரப்பி, பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபெர்கஸ் வந்து வண்டிக்கு முன்னால் நின்றான். விலகுடா என்றார். அவன் விலகவில்லை. "முந்தாநேத்து பயிற்சியில, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப, அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு காட்டுறதுக்காக அங்க இருந்த பைக்கைப் பாதித் தொட்டியோட மண்டபத்துக்குப் பின்னாடி மேட்டுமேல ஏத்தினேன்ப்பா. கவுந்துடுச்சு. கிரெட்டாதான் வண்டியத் தூக்கி என்னை வெளிய இழுத்தாங்க. எல்லாரும் ஓடி வந்து பாத்தாங்க" என்றான்.

இதற்கும் ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். அப்பா சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். கீழே இறங்கி அவன் பக்கத்தில் போய், "சட்டையத் தூக்கு, பாக்கலாம்" என்றார்.