அரைக்காணி எஞ்சினியர்

கல்லங்குறிச்சி
12.2.1982

என் பேரன் சிரஞ்சீவி தர்மனுக்கு, அப்பத்தா ஆண்டாயி நூறு ஆயுசு சொல்லி எழுதுவது. நானும் உன் தம்பி வெள்ளைச்சாமியும் சுகம். அவன் பெண்டாட்டி பொன்னாயிக்கு இது நாலாம் மாதம்.

நம் அரைக்காணிக் கொல்லையை வாங்கிய சிமெண்டு ஆலையில் சுரங்க எஞ்சினியர் ஒருத்தர் வேண்டுமாம். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று தம்பியைச் சேர்த்துக்கொண்டார்களே, அதே ஆலைதான். நோட்டீசைப் பார்த்துவிட்டு அவன்தான் ஓடிவந்தான். "அண்ணன் படிச்ச படிப்பு அப்பத்தா! வடக்க கரித்தூசியத் தின்னுக்கிட்டு ஏன் கெடக்கணும்?" என்கிறான். உடனே மனுப் போடு. இந்த ஊரில் சுரங்கம் படித்தவன் நீ ஒருத்தன்தான். இதை யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. அஞ்சாவது படித்த கை எழுதுகிறது.

உன் வரவு பார்க்கும்
அப்பத்தா


தன்பாத்
3.4.1982

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

சென்னையில் இன்டர்வியூ முடிந்தது. ஒரே இடத்துக்கு எண்பத்திரண்டு பேர். பாதிப் பேர் கையில் சிபாரிசுக் கடிதம். நாம் நிலம் கொடுத்ததைச் சொன்னேன். "உங்க வீட்டுக்குத்தான் ஒரு வேலை கொடுத்தாச்சே. அவர் எழுதிக் கொடுத்து விலகினால் அந்த முன்னுரிமை உங்களுக்கு வரும்" என்றார் அதிகாரி.

தம்பி அங்கே கல் தள்ளுகிற வேலைதானே பார்க்கிறான்? நான் உள்ளே வந்தால் மூன்றே மாதத்தில் அவனுக்கு நல்ல இடம் பிடித்துத் தருவேன். நீங்கள் சொன்னால் கேட்பான். பதினைந்து நாள்தான் கெடு.

தங்கள் அன்புப் பேரன்
தர்மன்


கல்லங்குறிச்சி
14.4.1982

சிரஞ்சீவி தர்மனுக்கு,

தம்பிக்கு நீயே எழுதியிருக்கலாம். எனக்கு எழுதினாய். சரி.

சோறு போட்டபடியே சொன்னேன். பொன்னாயிதான் கத்தினாள். "வயித்துல ஒண்ணு இருக்கையில இருக்குற வேலைய வுடுவாங்களா? அவரு வந்து கூப்புடுற வரைக்கும் நாங்க என்னத்தத் திங்கிறது?"

"எங்கண்ணன் எஞ்சினியரா வந்து நின்னா, என் வேலை எங்கடி போவும்?" என்று இவன் சிரித்தான்.

விலகல் கடிதத்தை நான்தான் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். மறுநாள் வேலைக்குப் போகிற நேரத்துக்கே எழுந்து, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தான். மூன்று மாதம் என்றாய். மறக்காதே.

அப்பத்தா


ஆலைக் குடியிருப்பு, அரியலூர்
27.7.1982

அப்பத்தாவுக்கு,

நேற்று நீங்கள் ஆலை வாசலில் வந்து நின்றது எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. "எங்க நெலத்தக் குடுத்து, தம்பிக்காரன் வேலையையும் வுட்டுக் குடுத்துல்ல எம்பேரன எஞ்சினியர் ஆக்கிருக்கோம்" என்று வாட்ச்மேன் பாவாடையிடம் சொன்னீர்களாம். இன்று கான்டீனில் நான் நுழைந்ததும், "அரைக்காணி எஞ்சினியர் வர்றாரு, எடம் வுடுங்கப்பா" என்கிறார்கள்.

மார்க்கில் முதலாவதாக வந்தவன் நான். நில முன்னுரிமையை அவர்கள் பார்க்கவே இல்லையாம். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே இனி அப்படிச் சொல்ல வேண்டாம். வாசலுக்கும் வர வேண்டாம். தம்பி விஷயம் ஒரு வருடம் போகட்டும். வந்ததும் வராததுமாகச் சொந்தக்காரனுக்கு வேலை கேட்டால் பேச்சாகிவிடும்.

தர்மன்


கல்லங்குறிச்சி
5.8.1982

எஞ்சினியர் தர்மன் அவர்களுக்கு, ஆண்டாயி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மூணு மைலுக்குத் தபாலா என்று தபால்காரர் கேட்டார். உங்களுக்கு வேலை அதிகம் என்று சொன்னேன்.

முன்னுரிமையைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்த அன்றைக்கே, அப்படியானால் என் தம்பி வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

பொன்னாயிக்குக் குரும்பலூரில், அவள் அம்மா வீட்டில், பெண் பிறந்திருக்கிறது. வெள்ளைச்சாமி செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் பக்கம் கல் உடைக்கப் போனான். "அண்ணன் மேல கோவப்படாத அப்பத்தா, கூப்புடும்" என்று பஸ்ஸில் ஏறும்போதுகூடச் சொன்னான். உங்கள் கடிதத்தை அவனுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவனுடைய விலகல் கடிதத்தை எழுதிய கை என்னுடையது. அவன் கோபம் வருகிற நாளில் அது என்மேலேயே வரட்டும்.

நீங்கள் பயப்பட வேண்டாம், ஆலை வாசலுக்கு வரமாட்டேன். யாராவது என் வாசலுக்கு வந்து விசாரித்தால், எனக்கு ஒரே பேரன், பெரம்பலூரில் கல் உடைக்கிறான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டாயி